தேவனோடு நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில், வெள்ளிக்கிழமை இரவுகளில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பு நடக்கிறது. பதினோரு ஆண்டுகளாக அதை நான் எடுத்து வருகிறேன். நான் போதகர் அல்லன்; பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "தேவனோடு நடப்பது" என்ற பாடம் வரும்போதெல்லாம் அதே கேள்விகள் புதிய வாய்களிலிருந்து வருகின்றன. வகுப்பில் மணியைப் பார்த்துக்கொண்டே சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் புழங்கும் பழைய திருப்புதலின்படி.

கீழ்ப்படிதலைச் சொல்ல வேதாகமம் ஏன் "நடத்தல்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறது?

முதலில் தமிழையே கேட்டுப் பாருங்கள். மகளுக்கு வரன் பார்க்கும்போது, "பையனுடைய நடத்தை எப்படி?" என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அவன் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நட என்ற வினையிலிருந்து பிறந்ததுதான் நடத்தை. "சொன்னபடி நடக்கிறவர்" என்றால் வாக்குத் தவறாதவர். ஆகவே இந்த உவமையைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதே இல்லை. தாய்மொழியில் அது ஏற்கெனவே இருக்கிறது.

எபிரெயத்திலும் அப்படித்தான். நடப்பதைக் குறிக்கும் சொல் "ஹாலாக்". யூதர்கள் தங்கள் வாழ்க்கை நெறிச் சட்டங்களின் தொகுப்புக்கு வைத்திருக்கும் பெயர் "ஹலாக்கா". அதுவும் இதே வேரிலிருந்து வந்தது. பவுல் கிரேக்கத்தில் எழுதியபோது "பெரிபடேயோ" என்ற சொல்லைப் போட்டார். சுற்றி நடப்பது என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லை நம் வேதாகமம் பல இடங்களில் "நடந்துகொள்ளுங்கள்" என்று மொழிபெயர்க்கிறது.

எனக்கு இதைவிடவும் அருமையாகப் படுவது வேறொன்று. 23-ஆம் சங்கீதத்தில், "என்னை நீதியின் பாதைகளில் நடத்துகிறார்" என்று வருகிறது. நட என்பதன் பிறவினை நடத்து. நான் நடக்கிறேன், அவர் நடத்துகிறார். இரண்டுக்கும் வேர் ஒன்று. எவ்வளவு தூரம் என் முயற்சி, எவ்வளவு தூரம் அவருடைய கிருபை என்று கோடு கிழிக்க வகுப்பில் சிலர் பாடுபடுவார்கள். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று இந்த ஒரு வினைச்சொல்லைப் பார்த்துக்கொண்டே நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் போடவில்லை.

கேள் என்ற சொல்லும் அப்படியே. "என் பையன் சொன்னால் கேட்கமாட்டான்" என்று ஒரு தாய் குறைப்படும்போது, பையனுக்குக் காது மந்தம் என்று யாரும் நினைப்பதில்லை. எபிரெயத்தில் "ஷாமா" என்ற சொல் கேட்பதையும் கீழ்ப்படிவதையும் சேர்த்தே குறிக்கிறது. சவுல் ராஜாவிடம் சாமுவேல், பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சொன்ன இடத்தில் மூலத்தில் இருப்பது அந்தச் சொல்தான்.

தேவனோடு நடந்தான், தேவனுக்கு முன்பாக நட, என் பின்னே வா: இவை மூன்றும் ஒன்றா?

ஒரே வாழ்க்கையின் மூன்று இடங்கள் என்று சொல்வேன்.

ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஏனோக்கு தேவனோடு சஞ்சரித்தான். அடுத்த அதிகாரத்தில் நோவாவும் அப்படியே. 17-ஆம் அதிகாரத்தில் தொண்ணூற்றொன்பது வயது ஆபிராமிடம், "நீ எனக்கு முன்பாக நடந்துகொண்டு உத்தமனாயிரு" என்கிறார் தேவன். எபிரெயத்தில் இந்த மூன்று இடங்களிலும் ஹாலாக் என்பதன் ஒரே வடிவம் வருகிறது: அங்குமிங்குமாக, தொடர்ந்து நடக்கிற நடை. அதே வடிவம் அதற்கும் முன்பே ஓரிடத்தில் வந்துவிட்டது. ஏதேனில், பகலின் குளிர்ச்சியான வேளையில், தோட்டத்தில் உலாவுகிற தேவனுடைய சத்தத்தை ஆதாமும் ஏவாளும் கேட்டு ஒளிந்துகொண்டார்களே, அங்கே.

உலாவுதல், சஞ்சரித்தல், நடந்துகொள்ளுதல் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் மூன்று சொற்களைப் பயன்படுத்தியதால் இந்தத் தொடர்பு தமிழில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மூலத்தில் ஒரே கதைதான். மாலையில் உலாவ வந்தவர் துணையில்லாமல் நின்றார். ஏனோக்கு வந்து சேர்ந்துகொண்டான். மெத்தூசலாவைப் பெற்ற பிறகு முந்நூறு ஆண்டுகள் அப்படி நடந்தான் என்று வேதம் கணக்கே கொடுக்கிறது. அவன் கட்டியது என்ன, வென்றது என்ன என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை.

"முன்பாக" என்பது, கடற்கரையில் பிள்ளையை முன்னே விட்டுப் பின்னால் வருகிற தகப்பனை நினைவூட்டுகிறது. பார்வைக்குள் இரு, ஓடி மறைந்துவிடாதே என்பதுதான் கட்டளை. "பின்னே வா" என்பது இயேசு கலிலேயாவில் மீனவர்களிடம் சொன்னது. அங்கே அவர் முன்னே நடக்கிறார், அவர் வைத்த அடியில் நாம் அடி வைக்கிறோம்.

மீகா 6:8-ஐப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள்: உன் தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நட. எபிரெயத்தில் அங்கே "உன் தேவனோடு" என்றே இருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்த நாளில், அந்த வசனத்தை மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டதுபோல இருந்தது. பெரியவர் ஒருவரோடு நடக்கும்போது நம் வேகத்தை அவருக்கேற்றபடி வைத்துக்கொள்கிறோமே, அந்தத் தாழ்மை.

முழு வழியும் தெரியாமல் எப்படிக் கீழ்ப்படிவது?

இந்தக் கேள்விக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்குத் தெரியாது.

நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மா பால் வெட்டினார். அதிகாலையில் குளிர் இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். பள்ளி விடுமுறையில் வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும்.

அம்மாவின் பொறுப்பில் நானூறு மரங்களுக்கு மேல் இருந்தன. விளக்கு வெளிச்சம் ஒரு மரத்துக்கு மேல் காட்டாது. அந்த மஞ்சள் வட்டத்துக்குள் வெட்டுப்பட்டை தெரியும். முந்தைய வெட்டில் உறைந்துகிடந்த ஒட்டுப்பாலை விரலால் இழுத்துப் பைக்குள் போடுவார். பிறகு உளியை வைத்து, சரிவாக ஒரே இழுப்பு. பட்டை சுருளாக விழும். வெட்டு கொஞ்சம் ஆழமாகிவிட்டால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாக இருந்தால் பால் வராது. வெள்ளையாக முதல் சொட்டு கோப்பையில் விழுவதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவார். திருப்பிய திசையில் அடுத்த மரம் இருக்கும். நிரை முழுவதும் இப்படியே.

ஒருநாள் கேட்டேன்: "இந்த இருட்டில் இத்தனை மரத்தையும் எப்படியம்மா கண்டுபிடிக்கிறாய்?"

"எண்ணிக்கொண்டா வெட்டுகிறேன்? வெளிச்சம் படுகிற மரத்தை வெட்டுகிறேன். நீ வாளியைச் சாய்க்காமல் வா."

"உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது" என்று 119-ஆம் சங்கீதம் சொல்லும் தீபம் உள்ளங்கையில் அடங்கும் மண் விளக்கு. எண்ணெயில் எரியும் ஒற்றைத் திரி. அதை ஏந்திப் போகிறவனுக்கு ஓரிரு அடி தெரியும். தெருமுனை தெரியாது. சங்கீதக்காரன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றியாகப் பாடுகிறான். ஆபிரகாம் தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான் என்று எபிரெயர் 11:8 சொல்கிறது. ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது அவனுக்கு எழுபத்தைந்து வயது.

ஆகவே, "பத்து வருடம் கழித்து எங்கே இருப்பேன் என்று கர்த்தர் எனக்குக் காட்டவில்லையே" என்று வருந்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இன்று வெளிச்சம் பட்ட மரத்தை வெட்டிவிட்டீர்களா? பேசாமல் இருக்கும் தம்பியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மூன்று மாதமாக உள்ளத்தில் உறுத்துகிறது என்றால், அதுதான் அந்த மரம். அதை விட்டுவிட்டு நிரையின் கடைசி மரத்தைத் தேடி இருட்டில் ஓடினால் வேரில் கால் இடறும்.

இது தேவசித்தம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேவசித்தத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. பொய் சொல்லாதே, கடனைத் திருப்பிக் கொடு, தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு, கூலிக்காரனின் கூலியைப் பிடித்து வைக்காதே. இவற்றுக்குத் தரிசனம் தேவையில்லை. மீதியுள்ள, வேலையா, படிப்பா, எந்த ஊர், யாரை மணப்பது போன்றவற்றுக்கு ஏசாயா 30:21-ஐப் படியுங்கள். வலதுபுறமோ இடதுபுறமோ சாயும்போது, "வழி இதுவே, இதிலே நடவுங்கள்" என்ற சத்தம் பின்னாலிருந்து வரும் என்கிறது. நடந்துகொண்டிருக்கிறவன் சாயும்போது கேட்கிற சத்தம் அது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் கேட்டால்தான் செருப்பைப் போடுவேன் என்று காத்திருப்பவரைப் பற்றி அந்த வசனம் பேசவில்லை.

கிருபையினால்தானே இரட்சிக்கப்பட்டோம்? பிறகு இந்த நடை எதற்கு?

வரிசையைக் கவனியுங்கள். யாத்திராகமத்தில் செங்கடல் பிளப்பது 14-ஆம் அதிகாரம். பத்துக் கட்டளைகள் வருவது 20-ஆம் அதிகாரம். முதலில் விடுவித்தார், பிறகுதான் இப்படி நட என்றார். எபேசியர் நிருபத்திலும் முதல் மூன்று அதிகாரங்கள் தேவன் செய்து முடித்ததைச் சொல்கின்றன. "நடந்துகொள்ளுங்கள்" என்று பவுல் புத்தி சொல்லத் தொடங்குவது நான்காம் அதிகாரத்தில். எகிப்தைவிட்டு வெளியே வருவதற்காக யாரும் கட்டளைகளைக் கைக்கொள்ளவில்லை. வெளியே வந்தவர்களுக்கு எப்படி நடப்பது என்று தெரியவில்லை. நானூறு ஆண்டு அடிமைத்தனத்தில் பிறர் விரட்டியபடியே நடந்து பழகிய கால்கள். அவர்களுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார்.

வேலையிடத்தில் கீழ்ப்படிந்து நடந்தால் நஷ்டப்படுகிறோமே?

ஆம், சில நேரம் நஷ்டப்படுவோம். இதை மூடி மறைத்துப் பிரசங்கிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு காலாண்டுக் கடைசி. சரக்கு அன்றிரவே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். சூடான அறையில் 48 மணி நேரம் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டிய மின்பலகைகள் 30 மணி நேரம்தான் ஓடியிருந்தன. தாளில் 48 என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேற்பார்வையாளர். நான் 30 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அந்தத் தாளைக் கிழித்தார், புதிய தாளில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார், சரக்கு போய்விட்டது. அடுத்த ஐந்து மாதம் எனக்கு மிகைநேர வேலை கொடுக்கவில்லை. மனைவியின் வளையல்கள் இரண்டு அடகுக்கடைக்குப் போயின. ஒன்றைத்தான் மீட்டோம்.

பின்னால் பதவி உயர்வு வந்ததா என்று கேட்பார்கள். வரவில்லை. அந்த மேற்பார்வையாளர் மனம் மாறினாரா? எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்தக் கதையில் நான் முக்கியமாக நினைப்பது அந்த இரவு அல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நானும் ஐந்து நிமிடம் பத்து நிமிடம் கூட்டி எழுதியவன்தான். இடைவேளைக்குச் சீக்கிரம் போய்விட்டு நேரத்தை மாற்றி எழுதுவது, பார்க்காத மீட்டரைப் பார்த்ததாகக் குறிப்பது, எல்லாரும் செய்வது. ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு, அதை நிறுத்தியிருந்தேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் அந்த இரவில் என் கை தானாகவே 48 என்று எழுதியிருக்கும். எழுதினேன் என்பதுகூட எனக்கு நினைவில் நின்றிருக்காது.

நடை என்ற உவமை எனக்குப் புரிந்தது அங்கேதான். பெரிய சோதனை வரும்போது பெரிய விசுவாசத்தைக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் கால் போவது பழகின பக்கம்.

முகாமில் இருந்த உற்சாகம் திங்கட்கிழமை காணாமல் போகிறது. என் விசுவாசம் போலியா?

இளைஞர்கள் கேட்கும் கேள்வி. தாவரவியல் பூங்கா அருகிலிருந்து கொடிமலைக்கு ஜீப் சாலையில் ஏறிப் பாருங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர். உச்சி 800 மீட்டருக்கு மேல். ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனாலும் ஏறி முடித்தவர்கள் சிரிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். இறங்கும்போதுதான் முழங்கால் பேசத் தொடங்கும். வலி தாங்காமல் சிலர் பின்னோக்கி நடந்தே இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். இதமான குளிரும் குறைந்துகொண்டே வரும். கீழே வந்தால் பழைய வெக்கை.

மோசே சீனாய் மலையிலிருந்து இறங்கி வந்தபோது எதிரில் பொன் கன்றுக்குட்டி. பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மறுரூப மலையில் மகிமையைக் கண்டுவிட்டு இறங்கினால், அடிவாரத்தில் பிசாசு பிடித்த பிள்ளையோடு ஒரு தகப்பன் அழுதுகொண்டிருக்கிறான். மலைமேலேயே கூடாரம் போட்டுத் தங்கிவிடலாம் என்று பேதுரு கேட்டதும், அதற்கு அனுமதி கிடைக்காததும் உங்களுக்குத் தெரியும். இயேசுவும் அவர்களோடு இறங்கித்தான் வந்தார். முகாமில் கைதட்டிப் பாடிய அதே விசுவாசம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலத்தின் நெரிசலில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பதாக உருமாறுகிறது. முழங்கால் வலிக்கிறது என்றால் இறங்குகிறீர்கள் என்று பொருள். வழி தப்பிவிட்டீர்கள் என்று பொருள் இல்லை.

தேவன் ஏன் சுற்றுவழியில் நடத்துகிறார்?

கிட்டத்தில் வழி இருந்தும் அவர் அதைத் தவிர்த்த ஓர் இடத்துக்கு வேதமே காரணம் சொல்கிறது. யாத்திராகமம் 13:17: பெலிஸ்தரின் தேசத்து வழி சமீபமானது, ஆனால் யுத்தத்தைக் கண்டால் ஜனங்கள் மனமடிந்து எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்று அந்த வழியாக அவர் நடத்தவில்லை. ஜனங்களின் பலவீனத்தைக் கணக்கில் எடுத்து வரைந்த பாதை அது. எண்ணாகமம் 9-இல் மேகம் சில நேரம் இரண்டு நாள், சில நேரம் ஒரு மாதம், சில நேரம் ஒரு வருடம் நின்றுவிடும்; அதுவரை புறப்படக் கூடாது. நிற்பதும் அங்கே கீழ்ப்படிதல்தான். ஆபிரகாமின் கதையில் 16-ஆம் அதிகாரத்தின் கடைசி வரிக்கும் 17-ஆம் அதிகாரத்தின் முதல் வரிக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. தேவன் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. படிக்கும்போது பக்கம்கூடப் புரட்ட வேண்டியதில்லை. வாழும்போது அது பதின்மூன்று ஆண்டு.

எல்லாச் சுற்றுவழிக்கும் காரணம் சொல்லப்படுவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தம்பதியிடம் போய் யாத்திராகமம் 13-ஐ விளக்காதீர்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் போட்டுக் கொடுங்கள்.

தைப்பூசத்துக்கு நடந்து போகும் இந்துச் சொந்தங்களை எப்படிப் பார்ப்பது?

மரியாதையோடு. என் சொந்த அத்தை மகன் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர். வெறுங்காலோடு, சுடும் தார்ச்சாலையில் நடந்து, 513 படிகள் ஏறுகிறார். அதற்கு முன் விரதம், தரையில் படுக்கை, வாயடக்கம். அவருக்கு என் விசுவாசம் தெரியும், எனக்கு அவருடையது தெரியும். காலும் சேர்ந்தால்தான் பக்தி என்பதை அவரிடம் பார்த்துத்தான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நேர்ந்துகொண்டதை நிறைவேற்ற நடப்பதும், ஏற்கெனவே மன்னிக்கப்பட்டவன் நன்றியோடு நடப்பதும் வேறு வேறு என்று நான் விசுவாசிக்கிறேன். அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன், சாலையில் வைத்து அல்ல, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். நம்மவர்களும் நடக்கிறவர்கள்தான். ஜூலை 26-இல் வரும் புனித அன்னாள் திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாமில் கத்தோலிக்கச் சகோதரர்கள் மெழுகுவர்த்தி ஏந்திப் பவனி போகும்போது, மற்றச் சபையாரும் கூட்டத்தோடு நடப்பதைப் பார்க்கலாம்.

சபைக்கு வராமல், வீட்டிலிருந்தே தேவனோடு நடக்க முடியாதா?

18 மார்ச் 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரும் அப்படித்தான் நடந்தோம். கர்த்தர் வீடுகளுக்குள் இருந்தார். அதற்கு நான் சாட்சி. ஆனால் கட்டுப்பாடு நீங்கிய பிறகும் திரையிலேயே ஆராதனை போதும் என்று தங்கிவிட்டவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. எம்மாவுக்குப் போன வழியில் நடந்தவர்கள் இருவர். எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். துக்கத்தோடு ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு போனபோதுதான் மூன்றாமவர் வந்து சேர்ந்தார். அப்பம் பிட்டபோது அவரைக் கண்டுகொண்டார்கள். அந்த இரவிலேயே அதே 11 கிலோமீட்டரையும் திரும்பி நடந்தார்கள், மற்றவர்களிடம் சொல்ல.

காலை நடைப்பயிற்சியின்போது ஜெபிக்கலாமா?

தாராளமாக. இளைஞர் பூங்காவில் நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு சுற்றுக்கு ஒரு குடும்பம் என்று. கண்ணை மட்டும் மூடாதீர்கள்.

விழுந்துவிட்டேன். ஒருமுறை அல்ல, அதே இடத்தில் பலமுறை. இனி என்ன செய்வது?

37-ஆம் சங்கீதம், நல்ல மனுஷன் விழவே மாட்டான் என்று சொல்லவில்லை. "அவன் விழுந்தாலும் தள்ளுண்டுபோவதில்லை, கர்த்தர் தமது கையினால் அவனைத் தாங்குகிறார்" என்கிறது. கை பிடித்திருக்கும் பிள்ளை இடறினால் தொங்கும், ஆனால் கீழே மோதாது.

அதே இடத்தில் பலமுறை என்று சொன்னீர்கள். அப்படியானால் ஜெபத்தோடு அந்த இடத்தையும் பாருங்கள். ஜார்ஜ்டவுனின் ஐந்தடி நடைபாதைகளில் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரைமட்டம் மாறும். தெரிந்தவர் அந்த இடத்தில் காலைத் தூக்கி வைப்பார், இல்லையென்றால் இறங்கிச் சுற்றிப் போவார். குடி உங்களுடைய இடறல் என்றால், வேலை முடிந்து அந்தக் கடை வழியாக வீட்டுக்குப் போவதை நிறுத்துங்கள். கைப்பேசி என்றால் இரவில் அதைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இவற்றை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடக்கவே முடியாதவர்கள், நினைவு தப்பிப் போனவர்கள் எப்படித் தேவனோடு நடப்பார்கள்?

சென்ற மாதம் வகுப்பின் முடிவில், எல்லாரும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு சகோதரி கேட்டார். அவர் கணவர் வாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். சில நாள் மனைவியையே அடையாளம் தெரிவதில்லை.

சவுல் ராஜாவின் பேரன் மேவிபோசேத்துக்கு இரண்டு காலும் முடம். ஐந்து வயதில் செவிலி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்ததால் வந்தது. அவன் தாவீது ராஜாவின் பந்தியில் தினமும் சாப்பிட்டான் என்று 2 சாமுவேல் 9 சொல்கிறது. அவனாக நடந்து வரவில்லை, ராஜா ஆள் அனுப்பி அழைப்பித்தார். ஓசியா 11:3-இல் கர்த்தர் சொல்வது, "நான் எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன்." அடுத்த வரியில், தங்களைக் குணமாக்கினவர் அவர் என்பதை அவர்கள் அறியாமற்போனார்கள் என்று வருகிறது. அறியாத பிள்ளையையும் பிடித்திருந்தார்.

அந்தச் சகோதரியிடம் அம்மாவின் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் சொன்னேன். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தார். என் பெயர் போய்விட்டது. என்னைச் சில நேரம் கங்காணி என்றும் சில நேரம் தன் அண்ணன் என்றும் நினைத்தார். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். "விளக்கு எங்கே? பெரட்டுக்கு நேரமாகிவிட்டது" என்று கட்டிலைத் தடவுவார். முதலில் சமாதானம் சொல்லிப் படுக்க வைக்கப் பார்த்தோம்; அழுவார். பிறகு ஒருநாள், கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்து வெளியே நடையில் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் மாடியில் நீளமான நடை. இரண்டு பக்கமும் வீடுகள், இரும்புக் கம்பிக் கதவுகள். அம்மா முதல் கதவின் முன் நின்றார். கம்பியை விரலால் தடவி, எதையோ இழுத்து எடுத்து, இடுப்பில் போட்டுக்கொண்டார். கையைச் சரிவாக ஒருமுறை இழுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பினார். நான் வெளிச்சத்தை அடுத்த கதவில் காட்டினேன்.

நடையின் கடைசி வரை போய், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருவோம். ஒரு மணி நேரம் ஆகும். அண்டை வீட்டார் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது வீட்டு மலாய் அம்மாள், சத்தம் கேட்டால் கதவைத் திறந்து ஒரு குவளை வெந்நீர் கொடுப்பார். கடைசிக் கதவு எங்களுடையது. அதையும் வெட்டி முடித்துவிட்டு, "சாய்க்காமல் வா" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போவார்.